300 எம்பிபிஎஸ் போட்டும் ஜூம் கால் உடைவது ஏன்?

கேள்வி இதுதான்: மதுரையில் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு. 100 எம்பிபிஎஸ் திட்டத்திலிருந்து 300-க்கு மாறியாயிற்று. ஸ்பீடு டெஸ்ட்டில் டவுன்லோடு 290, அப்லோடு 30, பிங் 4 என்று வருகிறது. ஆனாலும் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஜூம் காலில் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. பையன் கேம் ஆடும்போது பிங் 35-லிருந்து 400-க்குத் தாவுகிறது. அமெரிக்காவில் உள்ள ஆபீஸ் தளம் பழையபடியே மெதுவாகத் திறக்கிறது. 500 எம்பிபிஎஸ் போட்டால் சரியாகுமா?

ஆகாது. சொன்ன மூன்று தொல்லைகளில் ஒன்றுகூட பேண்ட்வித் பற்றாமல் வருவதில்லை. மூன்றும் லேட்டன்சி தொல்லைகள். ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு வேறாக இருக்கலாம் என்பதால் ஒரே மருந்தும் கிடையாது.

பேண்ட்வித் என்பது ஒரு விநாடியில் எத்தனை பிட் உள்ளே வரும், வெளியே போகும் என்பது; எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு இத்தனை மெகாபிட். லேட்டன்சி என்பது நீங்கள் அனுப்பிய பேக்கெட் (தரவின் சிறு துண்டு) போய்ச் சேர்ந்து பதில் வர எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்பது; பிங் காட்டுவது இதைத்தான். 300 எம்பிபிஎஸ் போட்டதால் பேக்கெட் மூன்று மடங்கு வேகத்தில் ஓடாது. 1500 பைட் பேக்கெட் ஒன்றைக் கம்பியில் ஏற்றி முடிக்க 100 எம்பிபிஎஸ்ஸில் 0.12 மில்லி விநாடி ஆகும், 300-இல் 0.04. மாதாமாதம் கூடுதலாகக் கட்டும் பணத்துக்கு ஒரு பேக்கெட்டில் மிச்சமாவது அந்த 0.08 மில்லி விநாடி. ஏறிய பிறகு அது ஓடும் வேகம் ஃபைபருக்குள் ஒளி ஓடும் வேகம்: விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். அதை எந்தத் திட்டமும் கூட்டாது.

முதலில் ஆபீஸ் தளத்தை எடுத்துக்கொள்வோம், அதில் கணக்கு தெளிவாக இருக்கிறது. 100 கிலோமீட்டர் தூரத்துக்குப் போய்வர 1 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ நேர்க்கோட்டில் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். ஆகவே 140 மில்லி விநாடிக்குக் கீழே இறங்க வழியே இல்லை. கடலடி கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, சிங்கப்பூர், ஜப்பான் என்று சுற்றித்தான் போகும், வழியில் ரவுட்டர்கள் வேறு. நடைமுறையில் 220 முதல் 260 வரும். 230 என்று கொள்வோம்.

இப்போது அந்த சர்வரிலிருந்து 200 கேபி அளவுள்ள ஒரு ஃபைல் வருவதைப் பாருங்கள். இரு பக்கமும் பேசத் தொடங்க டிசிபி இணைப்பு போட ஒரு சுற்று, அதாவது ஒருமுறை போய்வருவது. தரவை வேறு யாரும் படிக்காமல் காக்கும் டிஎல்எஸ் 1.3 பூட்டுப் போட இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில்தான் உங்கள் பிரௌசர் ஃபைலைக் கேட்கிறது, சர்வர் அனுப்பத் தொடங்குகிறது. அதுவும் எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் கொட்டாது. பாதை எவ்வளவு தாங்கும் என்று தெரியாததால் முதலில் 10 பேக்கெட், அதாவது சுமார் 14 கேபி. அது கிடைத்ததாக நீங்கள் பதில் அனுப்பியதும் அடுத்த சுற்றில் இரட்டிப்பு, பிறகு அதற்கும் இரட்டிப்பு. மொத்தம் 14, 43, 100, 214 என்று ஏறி, 200 கேபி முழுதாக வந்து சேர ஆறு சுற்று. ஆறு முறை 230 என்றால் 1.38 விநாடி. இதில் 200 கேபியைக் கம்பியில் கடத்த மட்டும் ஆகும் நேரம் 100 எம்பிபிஎஸ்ஸில் 16 மில்லி விநாடி, 300-இல் 5. ஒன்றே கால் விநாடிக்கு மேல் பாதை சும்மாவே கிடக்கிறது. சர்வரில் பழைய டிஎல்எஸ் 1.2 இருந்தால் இன்னொரு சுற்று, இன்னொரு 230.

கூகுளில் இருந்த மைக் பெல்ஷி 2010-இலேயே இதை அளந்து காட்டினார். 5 எம்பிபிஎஸ்ஸை 10 ஆக்கினால் பக்கம் திறக்கும் நேரம் 5 சதவீதம் அளவுக்குத்தான் குறைந்தது. லேட்டன்சியைக் குறைக்கக் குறைக்கவோ நேரம் சீராக இறங்கிக்கொண்டே வந்தது. அதற்குப் பிறகு பக்கங்கள் பெருத்துவிட்டன, திட்டங்களும் பெருத்துவிட்டன, ஆனால் அடிப்படைக் கணக்கு அப்படியே நிற்கிறது. யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும் சட்டென்று ஓடுவதற்குக் காரணம் உங்கள் 300 அல்ல. அந்த வீடியோக்களின் நகல் உங்கள் சேவை நிறுவனத்தின் வலைக்குள்ளேயே, சென்னையிலோ அதற்கும் அருகிலோ ஒரு பெட்டியில் இருப்பதுதான்.

தூரத்துக்கு வீட்டில் மருந்து இல்லை. செய்யக்கூடியது ஒன்று: ஆபீஸ் விபிஎன் (ஆபீஸ் வலைக்குள் நுழையும் தனி வழி) போட்டதும் எல்லா டிராஃபிக்கும் அமெரிக்கா போய்த் திரும்புகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் சென்னையில் இருக்கும் தளம்கூட 230-ஐத் தாண்டித்தான் திறக்கும், ஜூம் குரலும் அந்த வழியாகச் சுற்றும். ஆபீஸ் முகவரிகள் மட்டும் விபிஎன் வழியாகவும் மற்றவை நேராகவும் போகும்படி பிரித்துவிடச் சொல்லி ஐடி ஆட்களிடம் கேளுங்கள். பொதுவாக மறுக்கமாட்டார்கள், அவர்களுடைய சுமையும் குறையும். திடீரென ஐரோப்பா, அமெரிக்கா பக்கம் எல்லாமே மெதுவானால் கடலடியில் ஏதோ அறுந்திருக்க வாய்ப்பு உண்டு. 2025 செப்டம்பரில் செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவிலும் அது தெரிந்தது. வீட்டு ஸ்பீடு டெஸ்ட் அப்போதும் முழு வேகத்தையே காட்டும்.

ஜூமும் கேமும் வேறு கதை. பிங் 35 என்று சாதாரணமாக வருகிறது என்றால் கேம் சர்வர் மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறது, பாதை நன்றாகவே இருக்கிறது என்று பொருள். அது 400 ஆவது தூரத்தால் அல்ல. தூரம் ராத்திரியில் அதிகமாகிவிடாது. அந்த 365 மில்லி விநாடியும் எங்கோ வரிசையில் நின்ற நேரம். பெரும்பாலான வீடுகளில் அந்த வரிசை நிற்கும் இடம் வீட்டு ரவுட்டர் அல்லது ஃபைபர் வந்து முடியும் பெட்டி (ஓஎன்டி), அதுவும் அப்லோடு பக்கம்.

நடப்பது இப்படி. வைஃபையில் ரவுட்டர் வரை 500 எம்பிபிஎஸ் வேகத்தில் வரும் தரவு அங்கிருந்து வெளியே 30-இல் தான் போக முடியும். மீதி ரவுட்டரின் நினைவகத்தில் வரிசை கட்டும். ரவுட்டர் செய்பவர்கள் பேக்கெட் ஒன்றுகூடத் தொலையக் கூடாது என்று இந்த பஃபரைத் தாராளமாக வைத்துவிடுகிறார்கள். 1000 பேக்கெட் கொள்ளும் வரிசை சகஜம். 1000 முறை 1500 பைட் என்றால் 1.5 எம்பி, அதாவது 12 மெகாபிட். 30 எம்பிபிஎஸ்ஸில் அது வடிய 400 மில்லி விநாடி. உங்கள் பையன் பார்க்கும் எண் ஏறத்தாழ அதுவே. ராத்திரி ஒன்பது மணிக்கு யாரோ ஒருவர் ஃபோனைச் சார்ஜில் போட்டிருப்பார், கூகுள் ஃபோட்டோஸ் அன்றைய வீடியோக்களை ஏற்றத் தொடங்கியிருக்கும். ஜூமின் குரல் பேக்கெட் இருநூறு பைட்கூட இருக்காது. ரேஷன் கடையில் ஒரு கிலோ சர்க்கரைக்கு வந்தவர் மாதச் சாமான் வாங்க வந்தவர்கள் அத்தனை பேருக்கும் பின்னால் நிற்பது போல, அது அந்த 1000 பேக்கெட்டுக்கும் பின்னால் நிற்கிறது.

இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். ஜிம் கெட்டிஸ் என்ற கணினிப் பொறியாளர் 2010 வாக்கில் தம் வீட்டு இணைப்பை நோண்டி இதை ஊரறியச் செய்தார். இது டவுன்லோடையும் கெடுக்கும். நீங்கள் இறக்கும் ஒவ்வொன்றுக்கும் கிடைத்தது, கிடைத்தது என்று ஒப்புகைப் பேக்கெட்டுகள் அப்லோடு வழியாகத்தான் திரும்ப வேண்டும். அவை வரிசையில் மாட்டினால் அந்தப் பக்கம் சர்வர் காத்திருக்கும். ஆக அப்லோடு அடைத்தால் 290-உம் 40, 50 என்று விழலாம். பேச்சுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு-வின் ஜி.114 பரிந்துரை. அதைத் தாண்டினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசித் தடுமாறுவார்கள். தாமதம் ஒரே அளவில் நிற்காமல் 30, 250, 80, 400 என்று ஆடினால் இன்னும் மோசம். இந்த ஆட்டம்தான் ஜிட்டர். ஜூம் சிறிது சேர்த்து வைத்துச் சமாளிக்கும், அதற்கு மேல் தாமதமான பேக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும். குரல் உடைவது அந்த இடத்தில்.

சரி, வரிசை எங்கே என்று ஊகிக்க வேண்டாம், அளந்தே பார்க்கலாம். லேப்டாப்பை லேன் கேபிளில் ரவுட்டரோடு இணையுங்கள். வைஃபையில் அளந்தால் இரண்டு தொல்லைகள் கலந்து ஒன்றும் புரியாது. கட்டளைத் திரைகள் இரண்டு திறந்து, ஒன்றில் ரவுட்டரையும் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) மற்றொன்றில் கூகுளின் பொது சர்வரான 8.8.8.8-ஐயும் நிற்காமல் பிங் செய்ய விடுங்கள். விண்டோஸில் பிங் கட்டளையோடு கழித்தல் குறியும் டி எழுத்தும் சேர்த்தால் நிறுத்தும் வரை ஓடும். வீட்டில் வேறு யாரும் எதுவும் பயன்படுத்தாதபோது ரவுட்டர் 1 மில்லி விநாடிக்குள்ளும், 8.8.8.8 மதுரையிலிருந்து 10 முதல் 30-க்குள்ளும் பதில் தர வேண்டும். இப்போது ஒரு ஜிபி வீடியோவை டிரைவில் ஏற்றத் தொடங்கிவிட்டு எண்களைப் பாருங்கள். ரவுட்டர் 1-லேயே நின்று 8.8.8.8 மட்டும் 300, 400 என்று ஏறினால் அப்லோடு வரிசை. ஏற்றுவதை நிறுத்தியதும் ஓரிரு விநாடியில் பழையபடி 15-க்கு வந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். இதையே பெரிய டவுன்லோடு வைத்தும் ஒருமுறை பாருங்கள்.

பிங் 4 என்று ஸ்பீடு டெஸ்ட் காட்டியது ஏன் ஏமாற்றியது என்றால், அது இணைப்பு சும்மா இருக்கும்போது, பெரும்பாலும் உங்கள் நிறுவனத்துக்கு உள்ளேயே இருக்கும் சர்வருக்கு எடுத்த எண். ஊக்லாவின் ஸ்பீடு டெஸ்ட் செயலியில் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே டவுன்லோடின்போதும் அப்லோடின்போதும் பிங் எவ்வளவு என்று இரண்டு எண்கள் சிறிதாக இருக்கும். நெட்ஃபிளிக்ஸின் ஃபாஸ்ட் தளத்திலும் கூடுதல் விவரத்தைத் தட்டினால் சுமையில்லாமல், சுமையோடு என்று இரண்டும் வரும். பார்க்க வேண்டியது சுமையோடு வரும் எண். அது சும்மா இருக்கும்போது வருவதைவிட 30 வரை கூடினால் கவலையில்லை. 100-க்கு மேல் கூடினால் கால் உடையும், கேம் லேக் அடிக்கும்.

மருந்து என்ன? வரிசையை நீங்களே கையில் எடுத்துக்கொள்வது. கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் கோடல் என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசையின் நீளத்தைப் பார்க்காமல், பேக்கெட் வரிசையில் எத்தனை நேரம் நின்றது என்று அது பார்க்கும். தொடர்ந்து 5 மில்லி விநாடிக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால் ஒன்றிரண்டைக் கைவிட்டு, அனுப்புகிறவனை மெதுவாக்கும். இதோடு ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை வைத்தது எஃப்கியூ-கோடல். அதன் அடுத்த வடிவம் கேக். ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் ஏற்றிய ரவுட்டர்களில் எஸ்கியூஎம் என்ற பெயரில் இவை இரண்டும் கிடைக்கும்.

அமைக்கும்போது கவனிக்க வேண்டியது, வேகத்தை உண்மை வேகத்தைவிடச் சற்றுக் குறைவாகக் கொடுக்க வேண்டும். உங்களுக்கு அப்லோடு 30 வருகிறது. 27 என்று போடுங்கள். அப்போதுதான் வரிசை நிறுவனத்தின் ஓஎன்டி பெட்டிக்குள் போகாமல் உங்கள் ரவுட்டரிலேயே நிற்கும், அங்கேதான் கோடல் இருக்கிறது. 30 என்றே போட்டுவிட்டு ஒன்றும் மாறவில்லை என்று சொல்பவர்கள் நிறைய. போட்ட பிறகு மறுபடி அந்த அப்லோடு சோதனை. பிங் 400-க்குப் பதில் 20, 25-இல் நின்றால் 28, 29 என்று ஏற்றிப் பார்க்கலாம். ஆட ஆரம்பித்தால் ஒரு படி இறக்குங்கள். ஹார்ட்வேர் ஆஃப்லோடு என்று ஒரு அமைப்பு இருக்கும், அது இயங்கினால் பேக்கெட்டுகள் எஸ்கியூஎம்மைத் தொடாமலேயே பக்கவழியில் போய்விடும், எனவே அணைத்துவிடுங்கள்.

அணைத்தால் என்ன நஷ்டம்? எல்லா வேலையும் ரவுட்டரின் சிபியூ தலையில் விழும். மலிவான பழைய ரவுட்டர் எஸ்கியூஎம் போட்டால் 100, 150-க்கு மேல் தாங்காது. 300 முழுதும் வேண்டுமானால் டூயல் கோர் ஏஆர்எம் சிபியூ உள்ள ரவுட்டர் பாருங்கள். அப்லோடு பக்கம் மட்டும் எஸ்கியூஎம் போட்டு, டவுன்லோடு கட்டத்தில் 0 என்று கொடுத்தால் அந்தப் பக்கம் கட்டுப்பாடு இருக்காது. உங்கள் வீட்டுக்கு இதுவே போதும் என்பது என் கணிப்பு. அப்படியும் டவுன்லோடு 150-இல் நின்றால் நிற்கட்டும். ஆடாத பிங்கோடு வரும் 150, ஆடும் பிங்கோடு வரும் 300-ஐவிட மேல்.

நிறுவனம் கொடுத்த பெட்டியைத் தவிர வேறு ரவுட்டர் இல்லை என்றால் அப்லோடு செய்கிறவர்களை ஒவ்வொருவராகப் பிடித்துக் கட்ட வேண்டும். ஒன்டிரைவிலும், கம்ப்யூட்டருக்கான கூகுள் டிரைவிலும் அப்லோடு வேக வரம்பு வைக்க இடம் உண்டு. விண்டோஸ் அப்டேட், இறக்கிய துண்டுகளை இணையத்தில் மற்றவர்களுக்கும் பகிரும்படி அமைந்திருக்கலாம். டெலிவரி ஆப்டிமைசேஷன் பக்கத்தில் போய் அதை அணையுங்கள். கிளவுடுக்கு அனுப்பும் சிசிடிவி கேமரா ஒன்று 1 முதல் 2 எம்பிபிஎஸ் இடைவிடாமல் தின்னும். நாலு கேமரா என்றால் உங்கள் 30-இல் கால்வாசி வரை போயிற்று. ரவுட்டர் பெட்டியில் க்யூஓஎஸ் (முன்னுரிமை வசதி) என்று எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள். பலவற்றில் அது எந்தச் சாதனத்துக்கு முன்னுரிமை என்று கேட்கும், வேகத்தைக் குறைத்து வரிசையைத் தன் பக்கம் இழுக்காது. வரிசை வேறு பெட்டியில் இருக்கும்போது இங்கே முன்னுரிமை கொடுத்து என்ன பயன்? கேமிங் ரவுட்டர் என்று சிவப்பு விளக்கோடு விற்பவற்றுக்கும் இதே கேள்விதான்.

ஒருவேளை கேபிளில் எல்லாம் சரியாக இருந்து வைஃபைக்கு மாறியதும் 192.168.1.1-க்கே பிங் 50, 120 என்று தாவினால் தொல்லை காற்றில் இருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸில் நல்ல சிக்னலோடு ரவுட்டருக்கு 2 முதல் 5 மில்லி விநாடி வர வேண்டும். 2.4-இல் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் எல்லாம் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும். வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால் அடுப்படியில் பலவீனமான சிக்னலில் தடவிக்கொண்டிருக்கும் ஒரு பழைய ஃபோன் மற்ற எல்லோரையும் காக்க வைக்கும். 2.4-இல் சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்று, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 40 போட்டால் வேகம் கூடுவதுபோலத் தெரிந்து இடையூறு கூடும். 5 கிகாஹெர்ட்ஸ் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒன்றைத் தாண்டும், இரண்டாவதில் தேய்ந்துவிடும். கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்குப் போவது கஷ்டம். லேப்டாப் இருக்கும் இடத்தில் சிக்னல் மைனஸ் 65 டிபிஎம் வரை நல்லது. மைனஸ் 75-க்குப் போனால் ஜூம் கால் உடைய வாய்ப்பு அதிகம்.

மலிவு ரிப்பீட்டர் இதற்குத் தீர்வு அல்ல. அது கேட்டதையே அதே சேனலில் மறுபடி சொல்வதால் வேகம் பாதியாகும், தாமதமும் சேரும். மாடிக்கு ஒரு கேட்6 கேபிள் இழுத்து அங்கே ஒரு ஆக்சஸ் பாயிண்ட் (கேபிளில் வருவதை வைஃபையாகத் தரும் பெட்டி) வையுங்கள். கேபிள் போடும் ஆள் எட்டுக் கம்பியையும் கிரிம்ப் செய்கிறாரா என்று பாருங்கள். நாலு மட்டும் இணைத்தால் 100 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிடும், சோதனையில் 94 வரும். பையனின் கேம் மெஷின் ஒன்றையாவது கேபிளில் கட்டிவிடுவது, எத்தனை ஆயிரம் செலவழித்து ரவுட்டர் வாங்கினாலும் கிடைக்காத நிம்மதியைத் தரும். இடையில் ஒன்று: புளூடூத் ஹெட்செட்டே 100 முதல் 200 மில்லி விநாடி வரை தாமதம் சேர்க்கும். உதடும் குரலும் ஒட்டவில்லை என்றால் ஒருமுறை வயர் ஹெட்செட்டில் பார்த்துவிட்டு இணைப்பைத் திட்டுங்கள்.

மூன்றாவது சாத்தியம்: கேபிளில், வீட்டில் யாரும் எதுவும் ஏற்றாமல் இறக்காமல் இருக்கும்போதே இரவு 8 முதல் 11 வரை பிங் ஏறுகிறது, காலை ஆறு மணிக்குச் சரியாக இருக்கிறது. அப்படியானால் நெரிசல் நிறுவனத்தின் பக்கம். வீடுகளுக்கு ஒரே ஃபைபரைப் பிரித்துத் தரும் ஜிபான் முறையில் 2.5 ஜிபிபிஎஸ் டவுன்லோடும் 1.25 அப்லோடும் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பொது. அங்கே இடிக்காவிட்டாலும் உள்ளூர் ஆபரேட்டர் மேலே எடுக்கும் இணைப்பு இறுகலாம். இதை எந்த ரவுட்டராலும் தீர்க்க முடியாது, புகார்தான் வழி. புகாருக்கு ஸ்பீடு டெஸ்ட் படம் அனுப்பாதீர்கள், வேகம் வருகிறதே என்று மூடிவிடுவார்கள். வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டருக்கும் எத்தனை மில்லி விநாடி என்று வரிவரியாகக் காட்டுவது ட்ரேஸ்ரூட்; காலை ஆறுக்கும் இரவு ஒன்பதுக்கும் எடுத்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள். அதைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை: நடுவில் ஒரு வரி மட்டும் 180 காட்டி அதற்குக் கீழே உள்ளவை 30 என்று இருந்தால் அது குறை அல்ல. அந்த ரவுட்டர் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு வரியில் ஏறிய எண் அதற்குக் கீழே கடைசி வரை இறங்காமலே இருந்தால்தான் அங்கே நெரிசல்.

தளத்தின் பெயருக்கு எண் முகவரி தேடித்தரும் டிஎன்எஸ்ஸை 1.1.1.1 என்று மாற்றினால் கேம் பிங் குறையும் என்று சொல்வார்கள். குறையாது. முகவரி தேடும் முதல் சில மில்லி விநாடியோடு அதன் வேலை முடிந்தது.

பேண்ட்வித்தே வேண்டாம் என்றில்லை. நெட்ஃபிளிக்ஸ் 4கே-வுக்குக் கேட்பது 15 எம்பிபிஎஸ், ஒரு ஜூம் முழு எச்டி (1080பி) காலுக்கு இருபக்கமும் 3 முதல் 4. கேம் ஆட 1 எம்பிபிஎஸ்கூட வேண்டாம். ஆனால் 100 ஜிபி கேம் ஒன்றை இறக்க 100 எம்பிபிஎஸ்ஸில் இரண்டே கால் மணி நேரம் ஆகும், 300-இல் முக்கால் மணி நேரம். அந்த வித்தியாசத்துக்கு மாதம் எவ்வளவு தரலாம் என்பது உங்கள் கணக்கு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு வரிசை ஒழுங்காக இருந்தால் 100 போதும் என்றே சொல்வேன். மறுபடி 100-க்கு இறங்குவதாக இருந்தால் ஒன்று மட்டும் கேட்டுவிட்டு இறங்குங்கள்: அந்தத் திட்டத்தில் அப்லோடு எவ்வளவு? அது 30-லிருந்து 10 ஆகிவிட்டால் அதே 1000 பேக்கெட் வரிசை வடிய 1.2 விநாடி ஆகும், எஸ்கியூஎம்மிலும் 27 என்று இருப்பதை 9 ஆக்க வேண்டியிருக்கும்.